கேட்டவர்களுக்குச் சொன்னது

சேவல் இல்லாமல் முட்டை போடுமா என்று
முதலில் கேட்டவர் வீட்டுக்காரர் தணிகாசலம்,
வாடகை வாங்க வந்த இடத்தில்.
போடும் என்றேன்.
அவர் கோழியைப் பார்க்கவில்லை.
கொடியில் வேட்டி லுங்கி ஏதும் காய்கிறதா என்று
ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
போடும், குஞ்சுதான் பொரிக்காது என்று
நானே மீதியையும் சொல்லிவைத்தேன்.

கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குத் திரும்பும் சந்து.
கொல்லையில் ஊறுவது உப்புத்தண்ணீர்.
முருங்கை ஒன்று நின்றது, வேறெதுவும் பிழைக்கவில்லை,
கோழிகள் பிழைத்தன.
நாலு பெட்டை. அதில் ஒன்றுக்குக் கழுத்தில் இறகே கிடையாது,
குளித்துவிட்டுப் பாதியில் ஓடிவந்தது மாதிரி.

ஐஸ் கம்பெனியில் கணக்கு முடித்துத் திரும்பும்போது
இறால் தலை ஒரு பை வாங்கி வருவேன்.
முட்டை நாறாதா என்பாள் எதிர்வீட்டு சபீரா.
அளவாய்ப் போட்டால் நாறாது,
கரு மட்டும் குங்குமத்துக்குக் கிட்டே போகும்.
நம்பாமல் இரண்டு வாங்கிப் போனாள்.
கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே ஒரு கை பேரீச்சம்பழம்.

தினமும் போடுமா?
அதற்கு மனசிருந்தால்.
ஏன் திடீரென்று நிறுத்திவிட்டது?
இறகு உதிர்க்கிறது, பார்த்தால் தெரியவில்லையா.
அந்த நாட்களில் அதனிடம் எதுவும் கேட்கக்கூடாது.
கீரிப்பிள்ளை வராதா?
வரும். சாக்கடை வழியாக வரும்,
இரவில் கூடையைக் கவிழ்த்து
மேலே அம்மிக்குழவியை வை.

கேட்பவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்த வாய்
கால்நடை மருந்தகத்தில் அடைத்துக்கொண்டது.
சொட்டு மருந்து எப்போது போட்டீர்கள் என்றார்
மங்கையர்க்கரசி மேடம்.
மஞ்சளும் சின்ன வெங்காயமும்
மூன்று நாளாய் அரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.
வெள்ளைக் கழிச்சல் வந்தபின் எதையும் கேட்காது, என்றார்,
வராமல் இருக்கத்தான் மருந்து.
ஒன்று விடியற்காலை கழுத்தை முறுக்கிக்கொண்டு போனது.
இன்னொன்று மறுநாள், நான் கணக்கு எழுதும் நேரத்தில்.
முருங்கையடியில் சுண்ணாம்பு தூவி
இடுப்பளவு தோண்டினேன்.
உப்புத்தண்ணீர் அதற்குள் வந்துவிட்டது.

ஐப்பசியில் கழுத்து மொட்டை அடைக்கு உட்கார்ந்தது,
ஃபியூஸ் போன ஒரு பல்பின் மேல்.
தண்ணீரில் முக்கி எடு என்றார்கள்.
மூக்கில் ஓர் இறகைக் குத்திவிடு, தெளிந்துவிடும் என்றார்கள்.
இல்லாத முட்டைக்கு எத்தனை நாள் உட்காரும்
என்றும் ஒருத்தி கேட்டாள்.
பஸ் ஏறி ஆலப்பாக்கம் போனேன்.
சேவல் உள்ள வீடாய் விசாரித்து ஒன்பது முட்டை.
திரும்பி வரும்போது மடியில் துண்டு,
இதுகளுக்கு அரை டிக்கெட்டா என்றார் கண்டக்டர்.

இடி இடித்தால் கூமுட்டை ஆகும், ஓர் இரும்பு போட்டு வை
என்றாள் சபீரா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.
வானம் கறுத்ததும் தேடினேன்.
பெட்டியடியில் கிடைத்தது
நெய்வேலி குவார்ட்டர்ஸின் சாவி.
கொடுக்காமல் வந்தது, கேட்கவும் இல்லை யாரும்.
மணலுக்குள் செருகினேன்.
அந்த வாரம் முழுக்கக் கடல் பக்கம் இடித்தது.

இருபத்தோராம் நாள் ஆறு.
மறுநாள் மத்தியானம், நான் கைவிட்டபின், ஒன்று.
இரண்டு கூமுட்டை. சாவியைக் குறை சொல்ல முடியாது.

ஏழாம் நாள் தணிகாசலம் வந்தார்.
இதில் சேவல் எத்தனை என்றார்.
கொண்டை சிவக்கட்டும், இரண்டு மாதம் ஆகும்,
அதற்குள் இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று
ஒன்றை அவர் கையில் வைத்தேன்.
என் கையில் ஐஸ் டப்பா, சொட்டு மருந்து.
கண்ணில் ஒரு சொட்டு. அது இமைக்கும்வரை விடக்கூடாது.
அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.
இறுக்கிப் பிடித்தால் வலிக்குமா என்றார்,
குனிந்து, குஞ்சைப் பார்த்தபடி.