நாற்பத்தைந்தைத் தொட்டால்

சாயங்காலமே சாக்கு தீர்ந்துவிட்டது.
லாரி நாளைக்கு என்றார்கள்.
நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
எங்கள் கொள்முதல் நிலையத்தில் அன்றிரவு
ஒரு மின்தராசு, ஒரு பல்பு, நாலு அம்பாரம் குறுவை நெல்,
பருவகாலப் பட்டியல் எழுத்தராக நான்.

காவலர் ஜெகபர் அலி பெட்டியைத் திறந்தார்.
மச்சான் பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம்.
உள்ளே பச்சைத் துணி,
ஒன்று முதல் ஒன்பது வரை மரக்கட்டைகள்.
இரண்டு பகடை. விழுந்த தொகைக்குக் கட்டைகளை மூடு.
மூட வழியில்லாதபோது
நிற்பதெல்லாம் உன் கணக்கில் ஏறும்.
ஏறி ஏறி நாற்பத்தைந்தைத் தொட்டவர் வெளியே.

குறைந்தவர் ஜெயிக்கிற கணக்கை
நான் வேறெங்கும் எழுதியதில்லை.
பழைய ஈரப்பதச் சீட்டின் பின்பக்கம் மூன்று கோடு இழுத்தேன்:
ஜெகபர் முப்பத்தொன்று
நான் இருபத்திரண்டு
தையல்நாயகி முப்பத்தொன்பது.

ஆறு நாளாகக் காத்திருக்கிறாள் தையல்நாயகி.
அவள் நெல்லில் ஈரம் பத்தொன்பது,
எனக்கு அனுமதி பதினேழு.
வாங்கிப்போட்டு கிடங்கில் எடை குறைந்தால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.
பிறகு இருவரும் ஒரே பெட்டிமுன் உட்கார்ந்தோம்.

எட்டு விழுந்தால் ஜெகபர் எட்டையே மூடுவார்.
‘பெருசை நிக்கவிட்டா அதுதான் கடைசில கழுத்தைப் புடிக்கும்.’
அவள் மூன்றையும் ஐந்தையும் மூடுவாள்.
‘ஒரு வீச்சுல ரெண்டு அடங்குதுல்ல?’
அப்படித்தான் முப்பத்தொன்பதுக்கு வந்தாள்.

இந்த ஆட்டத்தில் மட்டும் கைராசி கூடியது.
ஒன்பது போனது, ஏழு போனது, எட்டும் போனது.
நின்றவை இரண்டும் நாலும்.
மூடாமல் விட்டால் ஆறு;
முப்பத்தொன்பதோடு ஆறு.

பெரிய மூன்றும் மூடியபின் ஒற்றைப் பகடையும் உருட்டலாம்.
நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்:
ஒற்றையில் ஆறுக்கு மூன்று வழி,
இரட்டையில் முப்பத்தாறுக்கு ஒன்பது.
பாதிக்கும் காலுக்கும் உள்ள தூரம்.
சொல்லவில்லை.
கணக்கு எழுதுகிறவன் வாய் திறக்கக்கூடாது என்று
யாரும் சட்டம் போடவில்லைதான்.

இரண்டையும் உள்ளங்கையில் குலுக்கியபடி
‘ஒண்ணா, ரெண்டா’ என்றாள்.
கிழக்கே, முத்துப்பேட்டைப் பக்கம்
வானம் ஒருமுறை வெளுத்தது.
அப்புறம் மண்வாசம்.
அப்புறம் தகரத்தில் முதல் துளி.

அம்பாரம் நாலு, தார்ப்பாய் மூன்று.
ஜெகபர் பெரியதை நோக்கி ஓடினார், வழக்கம்போல.
நான் தார்ப்பாயோடு நின்றேன்,
எதை நனையவிடுவது என்று எண்ணிக்கொண்டு.
அவள் எண்ணவில்லை.
பலகையை எடுத்து, தன் நெல்லைத் தள்ளினாள்
பக்கத்திலிருந்த வீரசேகரன் நெல்லோடு.
அவர் வாய்மேட்டுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்,
கேட்க ஆளில்லை.
இரண்டும் ஒரே ரகம், இரண்டும் சிறிசு.
மூன்றும் ஐந்தும் எட்டானது.
ஒரு தார்ப்பாய் போதுமாயிருந்தது.

விடிந்ததும் வீரசேகரன் வந்து கத்தினார்.
‘என்னோடது பதினாறு ஈரம், அவளோடது பத்தொம்பது.
இப்ப எது எவளது?’
கருவியைச் செருகினேன். பதினாறு புள்ளி ஒன்பது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
இன்னொரு இடத்தில் செருகினேன்.
பதினேழு.
கூடை போட்டு அளந்து பிரிப்பது என்று முடிவானது.
அவர் திட்டிக்கொண்டே சாக்கைப் பிடித்தார்.

மத்தியானம் லாரி வந்தது, நிஜமாகவே.
கடைசி மூட்டை தைத்தபின்
தையல்நாயகி என் பேரேட்டின்மேல் கையை விரித்தாள்.
ஒரே ஒரு பகடை.
‘இன்னொண்ணு நெல்லுக்குள்ள போயிருச்சு.’

எல்லா மூட்டையும் சாக்கோடு சேர்த்து
நாற்பது கிலோ ஐநூற்று எண்பது கிராம்.
எதிலோ ஒன்றில் அத்தனையும் நெல்லில்லை.
நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

பெட்டி நனையவில்லை.
இரண்டும் நாலும் அப்படியே நின்றன.
சீட்டில் அவள் பெயருக்கு நேரே
முப்பத்தொன்பதுக்குக் கீழே காலி.

‘இப்பக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல’ என்றாள்,
உருட்டினாள்.