ஈரக் கழிவு

சாக்குக்கு ஒரு கிலோ,
பனி ஈரத்துக்கு ஒரு கிலோ,
இலை, காம்பு, பச்சைக்காய் என்று
பொதுவாக இன்னொன்று.
ஆக மூன்று.
இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.
பழைய ரைட்டர் கொடுத்துப்போன பேனாவோடு
இதுவும் வந்தது.

நாகலூர் தாண்டி உள்ளே எஸ்டேட்.
சில்வர் ஓக் மரங்களில்
மிளகுக்கொடி ஏறிக்கொண்டே இருக்கும்.
கூலி மட்டும்
போன வருஷம் நின்ற கிளையிலேயே நிற்கும்.

மார்கழிச் சாயங்காலம்.
தராசின் முகத்தைப் பனி மூடியிருந்தது.
புறங்கையால் துடைத்து முள்ளைப் பார்த்தேன்.
நாற்பத்தாறு.
எழுதினேன்: நாற்பத்து மூன்று.
'அடுத்தது' என்றேன், நிமிராமல்.

யாரும் நகரவில்லை.
தட்டில் மூட்டை இல்லை.
வெறுங்காலோடு
பொங்காயி நின்றிருந்தாள்.

'எங்கிட்ட எது சாக்கு, ரைட்டரே?
எது காம்பு?'

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும்.
எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கேவலம்.

அவள் இறங்கவில்லை.
'எங்க பாட்டன் சாமை வெதச்ச காடு இது.
அத எந்த ஏட்டுல கழிச்சீங்க?'

அந்த ஏடு என்னிடம் இல்லை.
அது சேலத்தில் இருக்கலாம்,
ஏதாவது கச்சேரி அலமாரியில்
கரையான் படித்துக்கொண்டிருக்கலாம்.
என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

அன்றிரவு குவார்ட்டர்ஸில் கணக்குப் போட்டேன்.
நாளுக்கு மூன்று கிலோ.
பருவத்துக்கு எழுபது நாள்.
அவள் பழம் பறிக்க வந்து இருபத்து மூன்று வருஷம்,
அதில் பதினொன்று என் கையெழுத்து.
நாலாயிரத்து எண்ணூற்று முப்பது கிலோ.
அதை நாற்பத்தாறால் வகுத்தேன்,
ஏன் வகுத்தேன் என்று தெரியவில்லை.
மீதியே வரவில்லை.
நூற்றைந்து.

நூற்றைந்து பொங்காயிகள்
தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கி உட்கார்ந்து
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அடிவாரம் போயிருக்கிறார்கள்.
கோரிமேட்டில் யாரும் லாரியை நிறுத்திக் கேட்கவில்லை.
ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக்கு
மாடி எழும்பியிருக்கிறது.
இது ஒருத்தியின் கணக்கு.
வரிசையில் அறுபத்திரண்டு பேர்.

முதலாளி கெட்டவர் இல்லை என்பார்கள்.
பொங்கலுக்கு ஆளுக்கொரு கம்பளி தருவார்,
போட்டோ எடுப்பார்கள்.
கம்பளி ஒன்றரைக் கிலோ.
நான் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.
அதற்கு ஈரக் கழிவு கிடையாது.
சேர்வராயன் குகைக்குள் நுழைய
அவரும் குனியத்தான் வேண்டும், கூரை அப்படி.
வெளியே வந்ததும்
முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:
'சாமி முன்னால எல்லாரும் ஒண்ணு.'
சாமி முன்னால் சரி.
தராசு முன்னால்?

மறுநாள் காலையில் போனபோது
தராசைத் திருப்பி வைத்திருந்தார்கள்.
வேறொன்றும் செய்யவில்லை.
கல்லெறியவில்லை, கொடி நடவில்லை.
இத்தனை வருஷம் என்னை மட்டும் பார்த்த முள்
இப்போது வரிசையைப் பார்த்தது.
எண்ணைத் தெரிந்துகொள்ள
நான்தான் எழுந்து
அவர்கள் பக்கம் போகவேண்டியிருந்தது.
நாலடி தூரம்.
அந்தப் பக்கத்திலிருந்து
என் நாற்காலி எவ்வளவு உயரமாகத் தெரிகிறது
என்று அன்றுதான் பார்த்தேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது.
'எவன்யா திருப்பினது?' மேனேஜர்.
நான்தான் என்று சொன்னதாக எழுத ஆசை.
'ராத்திரி காட்டெருமை வந்துச்சுங்க சார்' என்றேன்.
பொங்காயி என்னைப் பார்த்த பார்வையில்
கழிக்க ஒன்றுமில்லை.

என் பையன்
கீழே சேலத்தில் கான்வென்டில் படிக்கிறான்.
அவன் ஃபீஸில் எத்தனை கிலோ
என்பதை இன்னும் வகுக்கவில்லை.

ஏட்டில் மூன்றாவது கட்டம்
இன்றோடு நாலு நாளாகக் காலி.
மாதக் கடைசியில் கேட்பார்கள்.
பேனாவில் மை இருக்கிறது.

மணி நாலாகப் போகிறது.
கூடைகள் இறங்கி வரும் சத்தம்.
காட்டெருமையும் வரவில்லை,
தராசையும் யாரும் பழையபடி வைக்கவில்லை.
எழுந்துகொள்கிறேன்.
நாலடி.