ஒரு மந்தைவெளி

தில்ஷாத் கிரேக்க மலையில் பதினோரு நாள் நடந்துவிட்டு வந்தாள்.
விளாக் இடையர்கள் ஆட்டோடு
கோடைக்கு ஏறிக் குளிருக்கு இறங்கிய தடமாம்.
கைப்பேசியில் காட்டினாள்:
பாறையில் சிவப்புச் சாயக் கோடு, ஒரு கல்தொட்டி,
ஒரு நாய், அதே நாய், மறுபடியும் அந்த நாய்.
ஆடு எங்கே என்றேன்.
ஆடெல்லாம் இப்போது லாரியில் போகிறதாம்.

எனக்குக் கடவுச்சீட்டு காலாவதி,
இடது முழங்காலும்.
ஆனால் வீடு மந்தைவெளியில்,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடி.
இருபது வருடமாக விண்ணப்பங்களில் எழுதுகிறேன்,
அதில் மந்தை இருப்பதை ஒருநாளும் வாசித்ததில்லை.
"இங்கே வந்து நின்றது
எங்கிருந்தாவது கிளம்பித்தானே வந்திருக்கும்" என்றாள்.
ஆதாரம் ஒன்றும் கிடையாது.
பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு
தெற்கே நடப்பது என்று முடிவாயிற்று.

மாசி. ஞாயிறு. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
அடையாற்றைப் பாலத்தில் கடந்தோம்.
கிண்டி வேலிக்கு அப்பால் ஒரு மான்
எங்களைப் பார்த்துவிட்டு மென்றதையே மென்றது.
பரங்கிமலையில் அவள் படிகளை எண்ணினாள்,
நான் மூச்சை.
உச்சியில் எங்கள் கண்மட்டத்தில் ஒரு விமானம்
கால்களை நீட்டிக்கொண்டு இறங்கியது,
பாதி வெட்டித் தின்ற திரிசூலத்துக் குன்றை ஒட்டி.
இந்த ஊரில் மலை என்றால் இவ்வளவுதான்:
ஒன்றில் சிலுவை, ஒன்றில் ஜல்லி.
பள்ளிக்கரணையில் இன்னொன்று இருக்கிறது,
அது புகைந்துகொண்டிருந்தது.
அதன் நிழல் விழும் நீரில்
பூநாரைகள் தலைகீழாய்த் தின்றன.

பெரும்பாக்கத்தில் மதில் மறித்தது.
புது மதில், சிமெண்ட் ஈரம் காயாதது,
உள்ளே நீச்சல்குளம் வரப்போகிறது என்று படம்.
அதை ஒட்டியே முக்கால் மணி நேரம் நடந்து
கேஸ் கிடங்குக்குப் பின்னால் ஓர் இடைவெளி கண்டோம்.
நுழைந்தால் அந்தப் பக்கம்
முழுக்கச் செம்மறி.
கம்பளி தராத, இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கும்
மெட்ராஸ் சிவப்பு.

"போன வருசம் இங்க சுவரே இல்ல" என்றான் தேசிங்கு.
உத்திரமேரூர்ப் பக்கம் அறுப்பு முடிந்ததும் கிளம்பியவன்.
கேட்டது வழி அல்ல முதலில்:
"நீங்க இன்னா மேய்க்கிறீங்க?"
ஒன்றுமில்லை, நடக்கிறோம்.
"சும்மாவா?"
சும்மாதான்.
தில்ஷாத்தின் மலையேறும் கோலை வாங்கி
எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.
"இது ஆட்டுக்கு ஆவாது."

பிறகு கேட்டான். வழியைச் சொன்னோம்.
சொல்லிவிட்டு வரமுடியவில்லை, கூடவே திரும்பினோம்.
இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாய்த்தான் புகமுடிந்தது.
அவன் எண்ணினான், இருநூற்றுப் பதினொன்று.
அவளும் எண்ணினாள், இருநூற்றுப் பதினான்கு.
அவன் முகம் ஒரு கணம் இருண்டு
பின் சிரித்தது:
"நாமளும் மூணு பேரு பூந்தோமே."

மேடவாக்கம் சாலையைக் கடக்க எட்டு நிமிடம்.
நடுவில் கை உயர்த்தி நின்றாள் தில்ஷாத்,
மலையில் அப்படி நின்ற படம் ஒன்றும் இல்லை.
என் கையில் மூன்று நாள் குட்டி,
அதன் இதயம் என் உள்ளங்கையை
யாரோ அவசரமாய்க் கதவு தட்டுவதுபோல் தட்டியது.
ஒரு தண்ணீர் லாரி ஒலியெழுப்பியது.
ஒரு ஆடும் திரும்பவில்லை.

வரும்போது பேருந்து.
பக்கத்து இருக்கைக்காரர் சட்டையை மோந்துவிட்டு
என் சட்டையை,
எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.
நடத்துநர் வந்தார். எங்கே?
பாக்கெட்டில் சில்லறையோடு இரண்டு புழுக்கை.
ஒரு மந்தைவெளி என்றேன்.