ஃப்ளாஷ் வேண்டாம்

காரைக்குடி பொருட்காட்சியில்
ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே
முப்பது ரூபாய்க்கு ஒரு கூடாரம்:
‘தண்ணீருக்குள் சிரிக்கும் அதிசயம்.’

உள்ளே ஐந்து ஆக்சலாட்டல்.
வேகாத இறால் நிறம்.
செம்பருத்தியின் நடுத்தண்டைப் பிய்த்துக்
கழுத்தின் இருபுறமும்
மும்மூன்றாய்ச் செருகினாற்போல் செவுள்.

“இமை கிடையாது சார், ஃப்ளாஷ் வேண்டாம்”
என்கிறான் சகுபர்,
உறைந்த தண்ணீர் பாட்டிலைத்
தொட்டிக்குள் இறக்கியபடி.
வெளியே சித்திரை.
அதுகளுக்குக் குளிர் வேண்டுமாம்.
இரண்டு மணிக்கொரு பாட்டில்.

பதினோரு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன்.
“கொஞ்சம் சிரிங்க” சொல்லாமல்
எடுத்த முதல் படம் இது.

“சிரிப்பில்லை சார்,
வாய் அமைப்பே அப்படி.
பசித்தாலும் அப்படித்தான்.
போன வாரம் ஒன்று செத்துக் கிடந்தது,
அப்போதும் அப்படித்தான்.”

முப்பத்தெட்டு எடுத்ததில் தேறியது ஒன்று.
அதிலும் கண்ணாடியில் பாதி என் முகம்,
பின்னால் ராட்டினத்தின் சீரியல் விளக்கு.

பஸ்ஸில் வரும்போது
பள்ளத்தூர்ப் பெண் நினைவுக்கு வந்தாள்.
தை முகூர்த்தம்.
அறுநூறு படத்திலும்
ஒரே சிரிப்பு.
நல்ல பெண், தொந்தரவே தரவில்லை என்று
ஆல்பம் கொடுக்கும்போது சொல்லியிருந்தேன்.