விட்டுப்போன வரி

குதாயிசியில் பணத்துக்கு லாரி என்று பெயர்.
தம்தாவிடம் மூவாயிரம் லாரி இருந்தது,
மாவு டப்பாவுக்குப் பின்னால்
ஒற்றை உறைக்குள் அடங்கி.

அவள் பல் செய்கிறவள்.
வைத்தியர் அல்ல. வைத்தியரின் பின்னறையில்
மெழுகில் செதுக்கிப் பீங்கான் பூசி,
அந்த ஊர் மெல்லுகிற பற்களில் எத்தனையோ
அவள் விரல் பட்டவை.
இனி மெழுகு வேண்டாம்,
கணினியில் வரைந்து அனுப்பினால் போதும்
என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டி விற்கும் பெட்டிகளில்
பாதி விலை வண்ண விளக்குக்குப் போகிறது.
நானே கட்டுகிறேன் என்று
நோட்டில் கோடு போட்டாள்:

பிராசசர் 620
மதர்போர்டு 410
ரேம் 260
கிராபிக்ஸ் கார்டு 900. பேனாவை வைத்துவிட்டு
தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.
சேமிப்பகம் 210
பவர் சப்ளை 270
கூடு 180
இடது கீழ்க் கடைவாய்ப் பல், வேர்ச் சிகிச்சை 200.

கூட்டினாள். ஐம்பது இடித்தது.
கடைசி வரியை அடித்துவிட்டு
'அடுத்த மாதம்' என்று எழுதினாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
ரியோனி ஆறு ஜன்னலுக்குக் கீழே
எதையும் அளக்காமல் போய்க்கொண்டிருந்தது.

தங்கை புருஷன் லாஷா ஒரு கார்டு கொண்டுவந்தான்.
கொட்டகையில் இரண்டு வருஷம்
இரவுபகலாக நாணயம் தோண்டிய கார்டு.
நானூறுக்குத் தருகிறேன், சொந்தமாச்சே என்றான்.
மோந்து பார்த்தாள்.
உலையில் அதிகம் வெந்த பீங்கான் வாடை.
காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

கடைப் பையன் கெலா சொன்னான்:
பவர் சப்ளையில் நூற்றைம்பது மிச்சம் பிடிக்கலாம் அக்கா,
எல்லாரும் அப்படித்தான்.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்தால்
என்ன ஆகும் என்று
எத்தனையோ கிரீடங்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன் தம்பி.

யோசித்த ஒரு வாரத்தில்
ரேம் முந்நூற்றுத் தொண்ணூறு ஆகிவிட்டது.
ஏன் என்று கெலாவுக்கும் தெரியவில்லை.
எங்கோ தொழிற்சாலையில், என்று
கையை வானத்துப் பக்கம் காட்டினான்.
பல்லுக்கு இன்னொரு அடுத்த மாதம்.
ரொட்டியை வலப்பக்கமே மெல்லப் பழகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை.
ஜாம் பாட்டில் மூடிகளில் திருகாணிகள்.
பற்களைத் தூக்கும் இடுக்கியால்
மயிரிழை கம்பிகளைச் செருகினாள்.
பிராசசர்மேல் பசை வைக்கும்போது
கை தானாக அறிந்தது:
ஒரு கிரீடத்துக்கான சிமெண்ட் அளவு.
பொத்தானை அழுத்த,
காற்றாடி சுற்றியது.
பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
திரைக்கென்று வரியே இல்லை.
மூன்று வாரம், நான்கு பக்கம், இரண்டு பேனா.
சித்திரம் எழுதக் காசு சேர்த்தவள்
சுவரை மறந்துபோனாள்.
அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள்.
சிரித்ததில் பல் விண்ணென்று தெறித்தது.

பக்கத்து வீட்டு நுக்சார் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்.
இடைவேளைக்குப் பத்து நிமிஷம், அதுவரை தொடாதே என்றார்.
பெட்டியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு
சோபா நுனியில் காத்திருந்தாள்.
விசில் ஊதியதும் ஒயரை மாற்றினாள்.

சோதனைக்கு அவளிடம் இருந்தது ஒரே ஸ்கேன்.
ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியில்
ரொட்டி அளவுக்கு ஒரு கடைவாய்ப் பல்
மெதுவாகச் சுற்றியது. துளி திக்கவில்லை.
தொள்ளாயிரம் லாரி வழுக்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்தாள்.
பிறகு மறுபக்கம் திரும்பி,
உச்சியிலிருந்து வேர்வரை
விரிசல் ஒன்று வந்து நின்றது.

ஐயோ பாவம், யாருடையது? என்றாள் எதெரி.
உடனே பார்க்கச் சொல், இப்படியா விடுவது,
காசு காசு என்று இருக்கிற ஆள் போல என்றார் நுக்சார்.

இரண்டாம் பாதி தொடங்கி நான்கு நிமிஷம் ஆகியிருக்கும்.
யாரும் ஒயரை மாற்றவில்லை.
தம்தா பதில் சொல்லவில்லை.
வாய்க்குள் நாக்கு மட்டும்
தானாகப் போய்
அந்த இடத்தைத் தொட்டது.