ஒட்டுப்பால்

விடியுமுன் மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
புஷ்பலீலா முந்நூறு மரம் வெட்டுவாள்,
குலசேகரம் தாண்டிக் களியல் போகிற சரிவில்.
வெட்டி முடித்தால் பால் தானாக இறங்கும்.
அதை யாரும் விரட்ட முடியாது.
பால் இறங்குகிற நேரத்தில்தான்
பிள்ளைக்குப் புட்டு, மாட்டுக்குத் தண்ணீர்,
குழு லோன் கேட்டு வருகிற ஆளுக்கு ஒரு பதில்.
எல்லாம் போக மிச்சம் இருபது நிமிடம்.

அந்த இருபதில் அவள் சினிமா எடுக்கிறாள்.

சிரிக்காதீர்கள், நான் சிரித்தாயிற்று.
ரப்பர் கொட்டை உடம்பு,
ஈர்க்கிலில் ஆறு கால்,
கண்ணுக்குப் பழைய கம்மலின் கல்: ஒரு வண்டு.
கீறல் விழுந்த போனைச் சிரட்டையில் சாய்த்து
காலை நெல்லளவு நகர்த்தி ஒரு படம்,
இன்னும் நெல்லளவு, இன்னொரு படம்.
இருபத்துநாலு எடுத்தால்
திரையில் இரண்டு நொடி.
பிறகு வாளியோடு பால் எடுக்கப் போய்விடுவாள்.

வண்டு கடல் பார்க்கக் கிளம்பியிருக்கிறது,
அவ்வளவுதான் கதை.
போன சித்திரையில் புறப்பட்டது
இந்தச் சித்திரைக்கும் திருவட்டாறு தாண்டவில்லை.
நடுவில் மழை.
ஒருநாள் கோழி வந்து
கதாநாயகனையே கொத்திவிட்டுப் போனது;
மற்றக் கம்மலையும் உடைத்தாள்.

"இது எப்ப பிள்ளே கடலுக்குப் போய்ச் சேரும்?"
"அதுக்கென்ன, நடக்குதுல்லா."

நான் ரப்பர் கடையில் கணக்கெழுதுகிறவன்.
சிரட்டையில் உறைந்தது, வெட்டுவாயில் காய்ந்தது,
எல்லாவற்றையும் உரித்துச் சாக்கில் கொண்டுவருவாள்.
மண் இருக்கும், பட்டை இருக்கும்,
நாற்றம் சட்டையை விட்டுப் போகாது.
ஆனாலும் நிறுத்துக் காசு கொடுக்கிறேன்.
ஒட்டுப்பாலை இதுவரை ஒருவரும் எறிந்ததில்லை.
என் நாளில் ஒட்டியிருந்ததைத்தான்
பதினோரு வருடமாக நான் கழுவிக் கொட்டியிருக்கிறேன்.

மகள் பிளஸ்டூ முடிக்கட்டும் என்றேன்.
எழுத ஒரு மேசை வேண்டும் என்றேன்.
மேசை வாங்கினேன்.
அதில் இப்போது இஸ்திரிப் பெட்டி இருக்கிறது.

உங்களிடமும் ஏதோ ஒன்று இருக்கும்,
பாதி தைத்தது, மெட்டு மட்டும் வந்தது,
யாரிடமும் சொல்லாதது.
முழுசாக ஒரு நாள் வரட்டும் என்று நிற்காதீர்கள்.
அது அழகியமண்டபம் பிளாக்கில் மாட்டிக்கொண்ட பஸ்,
வந்தாலும்
படியில் ஆள் தொங்கிக்கொண்டுதான் வரும்.
குக்கர் மூன்றாம் விசில் அடிக்கும் வரை
உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?

இதை ரசீதுகளின் முதுகில் எழுதினேன்,
தராசு முள் ஆடி நிற்கிற இடைவெளிகளில்.
மேலே "நடுவில் மழை" என்ற இடத்தில்
ஒருவர் ஜீப்பில் ஷீட் கொண்டுவந்து இறக்கினார்.
அந்த வரி குட்டையாய்ப் போனது
அதனால்தான்.