பிடிபட்டது: இல்லை

வலயக் கல்வி அலுவலகக் கடிதத்தை
என் மேசையில் வைத்து அதிபர் சொன்னார்:
"ஒங்க வீட்டுக்காரர் மன்னார் ஆள்தானே டீச்சர்,
மீனப் பத்தித் தெரியும்தானே."
அவர் மன்னார்தான். வங்கியில் காசாளர்.
முள்ளுக்குப் பயந்து பருப்போடு நிறுத்திக்கொள்கிறவர்.
நான் கணக்கீடு படிப்பிக்கிறவள்,
வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்.
இப்படித்தான் கந்தப்பளையில்
ஒரு தூண்டில் அணிக்குப் பயிற்றுநர் ஆனேன்.

ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள்.
டெனிஸ்டன், கோகுலதாஸ், சத்தியசீலி,
வாயை மூடத் தெரியாத பெனடிக்,
கடைசியில் யோகனி.
தூண்டிலுக்குக் கோதுமை மா
ஆளுக்கொரு உருண்டை கொண்டுவர வேண்டும்.
யோகனியுடையது எப்போதும்
பட்டாணி அளவு.

தை மாதம்.
கிழங்குப் பாத்திகள் கருகிவிடுமென்று
விடியுமுன் தண்ணீர் தெளிக்கிற குளிர்.
ஆய்வுகூடத்துக்குப் பின்னால் மறந்துபோன வாளியில்
கண்ணாடித் தோலாய் ஒரு படலம்.
பெனடிக் போனை நீட்டினான்.
எங்கோ ஒரு நாட்டில் ஏரி முழுக்க உறைந்து கிடக்க
பிள்ளைகள் அதன்மேல் ஸ்டூல் போட்டு
துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள்.
"நம்மகிட்டயும் ஐஸ் இருக்கு மிஸ்."
விரலால் ஓட்டை குத்தினான்.
தங்கூசியை இறக்கி
வாளியைச் சுற்றி ஐவரும் குந்தினார்கள்.
சேலையைச் செருகிக்கொண்டு நானும்.
முதல் மணி அடிக்கும்வரை
ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு தோட்டத்துக் குளத்தில் ஆறு சனிக்கிழமை.
எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன்,
பதிவேடு எழுதுவதை:
திகதி, இரை, காற்று எந்தப் பக்கம்,
தக்கை எத்தனை மணிக்கு ஆடியது.
இன்னொன்றும் சொன்னேன்.
பட்டால் கத்தாதே.
பட்டது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கிரகரி வாவிக் கரையில் பதினொரு பள்ளிக்கூடங்கள்.
மற்றவர்களிடம் ரீல், பெயர் அச்சடித்த தொப்பி.
எங்களிடம் மூங்கில்.
நடுவர் விதி வாசித்தார்.
நாலு மணித்தியாலம்.
பிடித்ததை உயிரோடு நிறுத்துவிட்டு
தண்ணீரிலேயே விட வேண்டும்.
"அப்ப எதுக்கு சேர் புடிக்கிறது?"
பெனடிக்தான்.
நடுவர் அடுத்த விதிக்குப் போனார்.

பதினொன்று இருபதுக்கு
நாணல் ஓரம் யோகனியின் தக்கை
முழுசாய்ப் போனது.
அவள் கத்தவில்லை.
மூங்கில் வில்லாய் வளைய
முழங்கால் தண்ணீரில் நின்று
இழுத்து, விட்டு, இழுத்து
மார்போடு அணைத்துத் தூக்கினாள்.
கார்ப். இரண்டு கிலோவுக்குக் குறையாது.
முன்னணியில் நின்ற பள்ளிக்கூடத்தின் மீன்
ஒரு கிலோ நானூறு.

தராசு மேசையைப் பார்த்தாள்.
ஸ்வெட்டரைக் கழற்றினாள்.
ஈரத்தோடு சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்து
சிப்பை இழுத்தாள்.
அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

நான் அன்னப் படகுகளை எண்ணினேன்.
ஏழு. ஒன்று கட்டிப் போட்டிருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: பிடிபட்டது.
பதினெட்டு வருடமாய்
ஒரு சதம் பிசகினால் பிள்ளைகளை
மறுபடி கூட்டவைத்த கை
"இல்லை" என்று எழுதியது.
கையெழுத்தும் வைத்தது.

பஸ்ஸில் இடமில்லை.
எனக்கு மட்டும் யன்னலோரம் கிடைத்தது.
நிற்கிற பிள்ளையின் பையை
மடியில் வாங்குவதுதானே வழக்கம்.
யோகனி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தாள்.
டெனிஸ்டனின் ஸ்வெட்டர் அவள்மேல் தொளதொளவென்று.
யார் சொன்னார்கள் அவனுக்கு?

முதல் வளைவில் பை ஒருமுறை துள்ளியது.
கண்டக்டர் திரும்பினான்.
"கண்டக்டர் அண்ணே,
வெளிநாட்டுல ஏரி மேல லொறியே ஓடுமாம், தெரியுமா?"
பெனடிக் ஆரம்பித்துவிட்டான்.
அடுத்த துள்ளலுக்கு இன்னும் சத்தமாய்.
கந்தப்பளை வரும்வரை நிறுத்தவேயில்லை.
நானும் அதட்டவில்லை.

அதிபர் கேட்டார்: "ஒன்னுமே படலையா?"
"குளிர் சேர். எல்லாம் அடியிலயே கெடந்திருச்சு."

வீட்டில் என் சேலையை முகர்ந்த மனிதர்
இரண்டடி பின்னால் போனார்.
"என்னது இது, மீன் வாசம்?"
தூண்டில் அணிக்குப் பயிற்றுநர் ஆயிற்றே
என்றேன்.